டர்பனில் இளையோர் தங்குமிடம்: அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து ஆய்வு செய்ய முழுமையான வழிகாட்டி

பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள், யார் துணையில் தங்குகிறார்கள் என்று ஆராய, டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் வருகிறவர்களில் இரண்டு வகையினரை அதிகம் பார்க்கிறேன். ஒரு வகை, தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ டர்பனுக்கு மேற்படிப்புக்கு வந்த மாணவர்கள். இன்னொரு வகை, ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்போடு கோவில் இளைஞர் சங்கங்களிலிருந்து வரும் உள்ளூர்ப் பிள்ளைகள். இரு தரப்பும் முதல் நாளே கேள்வித்தாளைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அது ஆறாவது படியில் வர வேண்டியது. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்யாவிட்டால், எவ்வளவு நல்ல கேள்விக்கும் பாதிப் பதில்தான் வரும்.

ஆதரவுள்ள தங்குமிடம் என்று இங்கே நான் சொல்வது இரண்டும் சேர்ந்ததை: பூட்டிக்கொள்ள ஒரு அறை, தடுமாறும்போது கூப்பிடு தூரத்தில் ஒரு பெரியவர். சாட்ஸ்வொர்த்தில் இது பெரும்பாலும் அவுட்பில்டிங் வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. முன்வீட்டில் ஒரு ஆன்ட்டி குடும்பம், பின்புறம் வாடகைக்கு ஒரு அறை. சில வீடுகளில் அந்தப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு பிரியாணி பின்கதவுக்கு வந்துவிடும். சில வீடுகளில் மூன்றாம் மாதமே பூட்டு மாறிவிடும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அதை ஒரு சங்கமோ மாநகராட்சியோ எப்படித் தாங்கிப் பிடிக்கலாம் என்பதுதான் ஆய்வு. ஆகவே பிள்ளைகளை மட்டும் பேட்டி கண்டால் போதாது. முன்வீட்டையும் தெருவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, ஆய்வு முடிந்த பிறகும் அந்தத் தெருவில் இருக்கப்போகிற ஒரு அமைப்பு. குடியிருப்போர் சங்கம், கோவில் சேவைக் குழு, தேவாலயத்தின் உணவுக் கூடம், எதுவானாலும் சரி. பல்கலைக்கழகப் பெயர் மட்டும் போதாது. நீங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகு ஒரு பிள்ளை, "அன்னைக்குச் சொன்னதை அழிச்சிடுங்க" என்று கேட்டால், அவன் கதவைத் தட்ட ஒரு இடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட ஒரு சமூகப் பணியாளர். பேட்டியின் நடுவே ஒரு பெண், "இன்னைக்கு ராத்திரி போக இடமில்லை" என்று சொல்வாள். கட்டாயம் சொல்வாள். அந்த நேரத்தில் யாரை அழைப்பது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு சைல்ட்லைனின் இலவச எண் 116 எல்லோர் கைப்பேசியிலும் பதிந்திருக்கட்டும்.

மூன்றாவது, சூலு மொழி தாய்மொழியான ஒரு ஆய்வாளர், குழுவின் முழு உறுப்பினராக. வெறும் மொழிபெயர்ப்பாளராக அவரை உட்கார வைத்தால், கேள்வியை அமைக்கும் இடத்தில் அவருடைய குரல் இருக்காது. சாட்ஸ்வொர்த் அவுட்பில்டிங்குகளில் இன்று நம் பிள்ளைகள் மட்டும் இல்லை, சூலு பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைத் தெருவில் நடந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் பணம். டாக்ஸிக் கட்டணம், டேட்டா, சாப்பாடு, குழுவில் சேர்க்கப்போகும் உள்ளூர் இளம் ஆய்வாளர்களின் ஊதியம் நான்கையும் எழுதி வைத்துவிட்டு, மீதியை அச்சுக்கும் மற்றவற்றுக்கும் ஒதுக்குங்கள். அச்சடித்த அறிக்கைக்குப் பணம் வைத்துவிட்டு, வருகிறவனின் டாக்ஸிக்கு வைக்காத திட்டங்கள்தான் அதிகம்.

2. யார் இளையோர், எது இடம்: எல்லையை எழுதுங்கள்

தேசிய இளைஞர் கொள்கைப்படி 14 முதல் 35 வயது வரை எல்லோரும் இளையோர். இந்த ஆய்வுக்கு அது மிக அகலம். பதினாலு வயதுப் பிள்ளையின் வீட்டுப் பிரச்சினை வேறு, குழந்தை உள்ள முப்பது வயதுக்காரரின் வாடகைப் பிரச்சினை வேறு. முதல் ஆய்வுக்கு 18 முதல் 24 வரை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. சட்டப்படி தானே சம்மதம் தரக்கூடிய வயது, அதே சமயம் விழுந்தால் தாங்க ஆள் தேவைப்படும் வயது.

அந்த வயதுக்குள்ளும் கூட்டம் ஒரே மாதிரி இல்லை. குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியே வந்தவர்கள் ஒரு பிரிவு. 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டம், பிரிவு 176இன்படி, பராமரிப்பில் வளர்ந்தவர் 18 வயதாகும் ஆண்டின் முடிவு வரை அங்கேயே இருக்கலாம். படிப்போ பயிற்சியோ முடிக்க வேண்டியிருந்தால், விண்ணப்பித்து அனுமதி பெற்று, 21 வயதாகும் ஆண்டின் முடிவு வரை நீட்டிக்கலாம். நீட்டிப்பு கேட்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னார்களா என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி.

இன்னொரு பிரிவு, ஆயாவோ தாத்தாவோ வளர்த்த பிள்ளைகள். பெரியவர் இறந்ததும் முதியோர் உதவித்தொகை நின்றுவிடும், வீட்டுப் பத்திரம் யார் பேரில் என்ற சண்டை தொடங்கிவிடும், பேரன் வெளியே வந்துவிடுவான். இவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மூன்றாவது, வெளியூரிலிருந்து படிக்க வந்தவர்கள். இவர்களில் பலருக்கு நஸ்பாஸ் (NSFAS) என்ற அரசு மாணவர் உதவித்தொகையில் வாடகை வந்துவிடும் என்பதால், மற்ற இரண்டு பிரிவோடு கலந்து கணக்கிட்டால் எல்லோருடைய நிலையும் நன்றாக இருப்பது போலத் தெரியும். பிரிவுகளைத் தனித்தனியாக எழுதி, எதைச் சேர்க்கிறீர்கள், எதை விடுகிறீர்கள், ஏன் என்று ஒரு பக்கத்தில் வையுங்கள்.

இடத்தையும் அப்படியே. "சாட்ஸ்வொர்த்" என்று எழுதாதீர்கள். அது ஒரு நகரம் அளவுக்குப் பெரியது. நடந்து சுற்றக்கூடிய ஓரிரு பகுதிகளை எடுங்கள்: வெஸ்ட்கிளிஃப், பேவியூ, க்ராஸ்மூர் என்று. க்ராஸ்மூரை எடுத்தால் பக்கத்திலிருக்கும் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியை விட்டுவிட்டு ஆராய முடியாது. ஒரே கடை, ஒரே டாக்ஸி, ஒரே வேலை தேடும் பிள்ளைகள்.

3. தெருவுக்குள் போகும் வரிசை

வரிசை முக்கியம். முதலில் குடியிருப்போர் சங்கம். அடுத்து கோவில், பள்ளிவாசல், தேவாலயம். அதன் பிறகு வார்டு கவுன்சிலரும் வார்டு கமிட்டியும். கடைசியாகத் தெருக்காவல் குழு. கவுன்சிலரோடு முதல் நாளே கைகோத்துப் போனால் கட்சி வேலை என்று முத்திரை விழுந்துவிடும். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும் காலத்தில் அந்த முத்திரை போகவே போகாது. அதற்காக அவரை விட்டுவிடவும் கூடாது. துண்டுச்சீட்டு தெருவில் போவதற்கு முன் அவர் கையில் ஒன்று இருக்க வேண்டும். வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்துகொண்டால், கடைசியில் மாநகராட்சிக்குள் உங்கள் முடிவுகளை எடுத்துச்செல்ல ஆள் இருக்காது.

காலத்தையும் பாருங்கள். புரட்டாசியில் நம் வீடுகளில் பலர் கடுமையாக விரதம் இருப்பார்கள். அந்த மாதத்தில் கோழி சமைத்துக் கூட்டம் போட்டால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். தைப்பூசக் காவடி நாட்களிலும், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் கூட்டம் பொங்கும் ஈஸ்டர் விடுமுறையிலும் பேட்டி வைக்காதீர்கள். எந்த மாதமானாலும் சைவச் சாப்பாடு இருந்தால் யாருக்கும் சங்கடமில்லை.

முதல் கூட்டத்தில் வரும் கேள்வி எனக்கு மனப்பாடம். "போன தடவையும் வந்தீங்க, பேர் எழுதிட்டுப் போனீங்க, அப்புறம் ஆளையே காணோம்." 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த மக்களிடம் எத்தனையோ பேர் வந்து படிவம் நிரப்பிப் போனார்கள். கோபம் நியாயமானது, அதை மறுத்துப் பேசாதீர்கள். ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள்: என்ன செய்வோம், எந்த மாதம் திரும்பி வருவோம், என்ன செய்ய மாட்டோம்.

அந்தத் தாளின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: "இந்த ஆய்வில் பங்கெடுப்பதால் யாருக்கும் அரசு வீடு கிடைக்காது, பங்கெடுக்காததால் யாருக்கும் எதுவும் போகாது." கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் இந்த நாட்டில் பேர் எழுதுவது என்றாலே வீட்டு வரிசையில் பேர் ஏறுவது என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் வருகிற பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது.

இதே காரணத்துக்காக அடையாள எண்ணைக் கேட்கவே கேட்காதீர்கள். தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம். முதல் ஆறிலேயே பிறந்த தேதி இருக்கிறது. பாலினமும் குடியுரிமை நிலையும் மீதியில் இருக்கின்றன. பெயரை மறைத்துவிட்டு அந்த எண்ணை வைத்திருப்பது ஆளையே வைத்திருப்பது போலத்தான். புதியவர்கள் வழக்கமான படிவத்தை நகலெடுக்கும்போது இந்தக் கட்டமும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் வேலையாக அதை அடித்துவிடுங்கள்.

4. இளம் ஆய்வாளர்களைச் சேர்ப்பது

ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களைச் சும்மா உட்கார வைப்பார்கள், மேல்படிகளில் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கும். உங்கள் திட்டத்தை அந்த ஏணியில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வந்து கேள்வித்தாளை விநியோகிக்கிறார்கள், பேராசிரியர் முடிவெடுக்கிறார் என்றால் கீழ்ப்படியில்தான் நிற்கிறீர்கள்.

ஆறு முதல் எட்டு பேர் போதும். பாதிப் பேராவது ஒரு முறையேனும் அறையை இழந்தவர்களாக இருக்க வேண்டும். கோவில் இளைஞர் சங்கச் செயலாளரிடம் "நல்ல பிள்ளைகளா எட்டுப் பேரை அனுப்புங்க" என்று கேட்டால், வீட்டைவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே இருந்திராத எட்டுப் பேர் வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் பூட்டு மாறிய கதவின் முன் நின்றவனிடம் எதைக் கேட்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஊதியம் கொடுங்கள். பங்கெடுப்பவர்களுக்குப் பணம் தருவதில் நேரம், சிரமம், செலவு ஆகிய மூன்றையும் ஈடுசெய்வது இந்நாட்டு ஆய்வு நெறியில் ஏற்கப்பட்ட முறை. இளம் ஆய்வாளர்களுக்கு அதற்கும் மேலே, வேலைக்கான கூலி.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. வேலையில்லாத பிள்ளைகளில் பலர் அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசாவின் (SASSA) துயர்நிவாரண உதவித்தொகையை வாங்குகிறார்கள். 2024 ஏப்ரல் முதல் அது மாதம் 370 ரேண்ட். வருமான வரம்பு 624 ரேண்ட். வங்கிக் கணக்கை மாதாமாதம் சோதிக்கிறார்கள். நீங்கள் நல்ல மனதோடு ஒரே தடவையில் 1,000 ரேண்ட் கணக்கில் போட்டால், அந்த மாதம் அவனுடைய உதவித்தொகை நின்றுபோகலாம், மேல்முறையீடு செய்து அலைய வேண்டியும் வரலாம். ஆகவே டேட்டா, டாக்ஸி, சாப்பாடு ஆகியவற்றை நீங்களே நேரடியாக ஏற்றுக்கொள்ளுங்கள். கூலியை எப்போது, எவ்வளவாக வாங்குவது என்பதை ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து, விளைவைச் சொல்லி, ஒப்பந்தம் எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். முடிவு அவர்களுடையது.

5. அனுமதியும் சம்மதமும்

பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவிடம் விண்ணப்பம் போட வேண்டும். மாதங்கள் ஆகும், கணக்கில் வையுங்கள். கேள்விகளை இளம் ஆய்வாளர்கள் திருத்திய பிறகு விண்ணப்பியுங்கள். முதலில் அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு அவர்களிடம் காட்டினால், அவர்கள் சொல்லும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி கடிதம் எழுத வேண்டும். கடைசியில் எதையும் திருத்தாமலே போய்விடுவீர்கள்.

2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழு வீச்சில் அமலில் இருக்கிறது. தேவையானதை மட்டும் வாங்குங்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். வாட்ஸப் குழுவில் எல்லோரையும் சேர்ப்பதுகூடத் தகவல் கசிவுதான்: ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கிறார், யாரெல்லாம் அறை இழந்தவர் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்ச்சேரும் ஒளிபரப்புப் பட்டியலாக அனுப்புங்கள்.

"நீங்கள் சொல்வது யாருக்கும் தெரியாது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது பொய்யாகிவிடும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறையில் சொல்லியாக வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டம், பிரிவு 54. குழந்தைகள் சட்டத்தின் பிரிவு 110 ஆசிரியர், சமூகப் பணியாளர், மதபோதகர் போன்றோர்மேல் தனிக் கடமை வைக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண் தன் கதையைச் சொல்லும்போது அதே வீட்டில் இன்னும் இருக்கும் பன்னிரண்டு வயதுத் தங்கையைப் பற்றியும் சொல்லக்கூடும். பேச்சு தொடங்கும் முன்பே இப்படிச் சொல்லுங்கள்: "ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் இன்னாரிடம் சொல்ல வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் நம்மோடு." கேட்டுவிட்டு எதைச் சொல்வது என்று அவள் முடிவு செய்யட்டும்.

சம்மதத் தாளை வாசித்துக் காட்டுங்கள், ஆங்கிலத்திலும் சூலுவிலும். வாசித்து முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நடுவில் நிறுத்தணும்னா என்ன செய்வே?" என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

6. அறை வரிசைத் தாள்

இப்போதுதான் கேள்வி. "உனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?" என்று கேட்காதீர்கள். இரண்டு படுக்கையறை, தனி வாசல் என்று எவரும் சொல்லும் பதில்தான் வரும். "ஏன் வீடில்லாமல் போனாய்?" என்பது அதைவிட மோசம், குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும். அதற்குப் பதில் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, பதினாறு வயதிலிருந்து தூங்கிய ஒவ்வொரு இடத்தையும் ஒவ்வொரு வரியாக எழுதச் சொல்லுங்கள். இன்றைய இடத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். நேற்று நடந்தது நினைவில் துல்லியமாக இருக்கும், பழையதைப் பேசும் துணிவும் போகப் போக வரும்.

ஒவ்வொரு வரிக்கும் ஐந்து கட்டம். எங்கே? சாவி யார் கையில்? என்ன கொடுத்தாய்? ஏன் கிளம்பினாய்? கிளம்பிய அன்று ராத்திரி யார் உதவினார்?

கற்பனையாக ஒரு தாளை நிரப்பிக் காட்டுகிறேன். மேல் வரி: பேவியூவில் அவுட்பில்டிங், சாவி தன்னிடம், ஆனால் கேட் சாவி முன்வீட்டில், மாதம் 1,800 ரேண்ட், இன்னும் அங்கேதான். அடுத்த வரி: நண்பன் வீட்டு சோஃபா, சாவி இல்லை, பணம் இல்லை, சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்கித் தந்தான், நண்பனின் அம்மா முகம் மாறியதும் கிளம்பினான், அன்று ராத்திரி யாரும் இல்லை. அதற்கும் கீழே: வெஸ்ட்கிளிஃபில் அவுட்பில்டிங், சாவி தன்னிடம், 1,500 ரேண்ட், கரண்டுச் சண்டையில் கிளம்பினான், நண்பன் உதவினான். அதற்கும் கீழே: ஆயா வீடு, சாவி தேவைப்படவில்லை, கதவு திறந்தே இருக்கும், ஆயா இறந்தார், சித்தப்பா வந்தார்.

இந்த நான்கு வரியில் எத்தனை இருக்கிறது பாருங்கள். சாவிக் கட்டத்தை வைத்ததே ஒரு இடம் யாருடைய இடம் என்று தெரிந்துகொள்ளத்தான். அறைச் சாவி இருந்தும் கேட் சாவி இல்லாதவன், ராத்திரி பத்து மணி ஷிப்ட் முடிந்து வந்தால் தெருவில் நிற்பான். வேலை கிடைத்ததாலேயே அறை போன கதைகள் இப்படித்தான் உண்டாகின்றன.

"கரண்டுச் சண்டை" என்றால் அங்கேயே நின்று விவரம் கேளுங்கள். பெரும்பாலான அவுட்பில்டிங்குக்குத் தனி மீட்டர் கிடையாது. முன்வீட்டு ப்ரீபெய்டு மீட்டரிலிருந்துதான் வயர் வரும். மாதக் கடைசியில் யூனிட் தீர்ந்ததும் ஹீட்டர் போட்டது யார், கெட்டில் போட்டது யார் என்று தொடங்கும். வாடகை தவறாமல் கொடுத்தவன்கூட இதில் வெளியே போவான். "வாடகை கட்ட முடியாததால் வெளியேறினார்" என்ற கட்டம் மட்டும் உள்ள கேள்வித்தாளில் இது எங்கேயும் விழாது. ஒரு துணை மீட்டர் தீர்த்து வைக்கக்கூடிய விஷயம், ஒரு பிள்ளையின் ஒழுக்கப் பிரச்சினையாகப் பதிவாகிவிடும்.

கடைசிக் கட்டத்தை அவசரப்படாமல் கேளுங்கள். "யாரும் இல்லை" என்ற பதில் வந்தால் அடுத்த வரிக்கு உடனே தாவாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், கொஞ்சம் விடுங்கள். தொடர வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம், பணம் முழுதாக உண்டு என்று சொல்லுங்கள்.

தாளின் மூலப் பிரதி அவனுடையது. புகைப்படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். பலர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். சமூகப் பணியாளரிடம் போகும்போது கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை.

7. முன்வீட்டாரிடம் பேசுவது

வீட்டுக்காரர்களுக்கு மூன்று பயம். கட்டட வரைபட அனுமதி இல்லாத அறை என்றால் மாநகராட்சி வருமோ என்பது ஒன்று. வரி இன்னொன்று. வாடகைக்கு விட்டால் ஆளை வெளியேற்றவே முடியாது என்ற பேச்சு மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றிக் கேள்வியே வேண்டாம், அது உங்கள் ஆய்வுக்குத் தேவையும் இல்லை. மூன்றாவதைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 26(3)இன்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் அவர்கள் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. 1998ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் அதற்கான நடைமுறையைச் சொல்கிறது. பூட்டை மாற்றுவதும் கரண்டை வெட்டுவதும் அதில் வராது. வாடகைத் தகராறுகளை இரு தரப்பும் இலவசமாக வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்கு எடுத்துப்போகலாம்; 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. பேட்டியின் முடிவில் இதை எழுதிக் கொடுங்கள். பேட்டியின் தொடக்கத்தில் சட்டம் பேசினால் கதவு மூடிக்கொள்ளும்.

தொடக்கக் கேள்வி: "உங்க வீட்டில் இருந்ததிலேயே நல்ல பையன் யார், அவனைப் பற்றிச் சொல்லுங்க ஆன்ட்டி." நல்லவனைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது வெளியே வரும். குப்பையை எடுத்து வெளியே வைப்பான், மாலையில் வணக்கம் சொல்லிவிட்டுப் போவான், என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்டை அவன்தான் பார்த்துக்கொண்டான் என்பார். துணை ஒரு பக்கமாக மட்டும் ஓடுவதில்லை என்பது உங்கள் தரவிலேயே வரும். திட்டம் வடிவமைக்கும்போது இதைவிடப் பயன்படும் தரவு இல்லை.

"சுகர்ஸ் அடிக்கிறவனா?" என்ற கேள்வி எப்படியும் வரும். மலிவான ஹெராயின் கலவையான அந்தப் போதைப்பொருள் இந்தப் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்களை உடைத்திருக்கிறது, அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சமாதானம் சொல்லாதீர்கள். "அப்படி ஒரு பையன் சிகிச்சை முடிச்சு வந்தா, எந்த உதவி பக்கத்தில் இருந்தா நீங்க அறை கொடுப்பீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். வெறும் மறுப்புக்குப் பதில், நிபந்தனைகளின் பட்டியல் கிடைக்கும்.

ஒரே வீட்டின் முன்வீட்டாரையும் பின்னறைக்காரரையும் ஒரே ஆய்வாளர் பேட்டி காணக் கூடாது. வேறு ஆள், வேறு வாரம். "அவன் உங்களைப் பற்றி நல்லாத்தான் சொன்னான் ஆன்ட்டி" என்று ஒரு வார்த்தை வாய்தவறி வந்துவிட்டாலும், அவன் உங்களிடம் பேசியது தெரிந்துவிடும். புதியவர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் மிகப் பெரிய தவறு இந்தத் தூதுதான்.

8. தெருக் கூட்டம்

இனப் பகையாக மாறி உயிர்களைப் பலிகொண்ட 2021 ஜூலைக் கலவரத்தின் காயம் ஃபீனிக்ஸிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் ஆறவில்லை. இந்திய வம்சாவளியினரும் ஆப்பிரிக்க மக்களும் ஒரே தெருவில் இருக்கும் இடத்தில் "இங்கே இளையோர் விடுதி வந்தால் என்ன?" என்று திறந்த கூட்டத்தில் கேட்டால், பேச்சு வீட்டைப் பற்றி இருக்காது. முதலில் சிறு குழுக்களாக, தனித்தனியாகப் பேசுங்கள். பிறகு ஒவ்வொரு குழுவும் அனுப்பும் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், தெரு வரைபடம் போதும். ராத்திரி எந்த இடத்தில் நடக்கப் பயம், எந்த வீட்டு விளக்கு எப்போதும் எரியும், அவசரத்தில் எந்தக் கதவைத் தட்டலாம் என்று குறிக்கச் சொல்லுங்கள். தெருக்காவல் குழுவினரும் அந்த வரைபடத்தைப் பார்க்கட்டும். அவுட்பில்டிங் பையன்களை ராத்திரியில் வழிமறிப்பவர்கள் அவர்கள்தான்.

வரைபடத்தில் யார் எந்த அறையில் இருக்கிறார் என்பது மட்டும் வரக் கூடாது.

9. சேர்த்துப் பார்ப்பது

அறை வரிசைத் தாள்களைச் சுவரில் ஒட்டி, இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து "ஏன் கிளம்பினாய்" கட்டங்களை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: இதைத் தடுத்திருக்கக் கூடியவர் யார், அதற்கு என்ன செலவாகியிருக்கும்? துணை மீட்டர், இரண்டாவது கேட் சாவி, ஒரு மாத வாடகையைத் தாங்கும் சிறு நிதி, வாரம் ஒரு முறை எட்டிப்பார்க்கும் ஒரு பணியாளர் என்று பட்டியல் தானாக உருவாகும். அதற்குள் அடங்காத வெளியேற்றங்களும் இருக்கும்: அடி, துன்புறுத்தல், குடும்பச் சொத்துச் சண்டை. அவற்றைத் தனியாக வையுங்கள். அவற்றுக்குத் தேவை வேறு அறை. அதே அறையைக் காப்பாற்றுவது ஆபத்து.

முப்பது தாளை வைத்துக்கொண்டு "சாட்ஸ்வொர்த் இளையோரில் இத்தனை சதவீதம்" என்று எழுதாதீர்கள். எப்படி நடக்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வு சொல்லும், எத்தனை பேருக்கு என்பதை அல்ல. எண் வேண்டுமானால் அரசுப் புள்ளிவிவரத்திலிருந்து எடுங்கள்: 2024 முதல் காலாண்டில் 15–34 வயதினரிடையே வேலையின்மை 45.5 சதவீதம். அதற்குப் பக்கத்தில் இதை வையுங்கள்: அரசு மானியம் பெறும் சமூக வாடகைக் குடியிருப்புகளுக்கு மாதக் குடும்ப வருமானம் குறைந்தது 1,850 ரேண்ட் இருக்க வேண்டும். நிலையான வருமானமே இல்லாத பத்தொன்பது வயதுக்காரன் அந்த வாசலுக்கே போக முடியாது. அவுட்பில்டிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் தாள்களும் இந்த இரண்டு எண்களும் சேர்ந்து காட்டிவிடும்.

10. திருப்பிக் கொடுப்பதும் காலமும்

முதல் வரைவைப் பார்க்க வேண்டியவர்கள் பேசியவர்கள்தான். அதற்குப் பிறகு குடியிருப்போர் சங்கம், பிறகு பேராசிரியர், பிறகு கவுன்சிலர். ஒரு பக்கச் சுருக்கமும், ஆங்கிலத்திலும் சூலுவிலும் மூன்று நிமிடக் குரல்பதிவும் போதும். நீளமான அறிக்கையைத் தெருவில் யாரும் திறக்க மாட்டார்கள். தன் கதையை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னால், அந்தப் பத்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

மாநகராட்சிக்குக் கொண்டுபோக நாள்காட்டி உண்டு. இங்கே மாநகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு வரவுசெலவுத் திட்டத்தை அதற்கு 90 நாள் முன்பாவது, அதாவது மார்ச் முடிவுக்குள், மன்றத்தில் வைக்க வேண்டும். ஒப்புதல் மே மாத இறுதியில் பரிசீலனைக்கு வரும். இடையில்தான் பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படும். ஜூனில் முடியும் ஆய்வு ஓராண்டு காத்திருக்கும். ஆகவே பின்னிருந்து கணக்குப் போடுங்கள்: பிப்ரவரியில் ஒரு பக்கச் சுருக்கம் தயார், முந்தைய ஆண்டு அக்டோபருக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் இடையில் பகுப்பாய்வு, ஆகஸ்டிலிருந்து பேட்டிகள், அறநெறி விண்ணப்பம் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே.

டர்பனின் மாநகராட்சியான ஈதெக்வினிக்கு எழுதும்போது "இளையோர் வீட்டுவசதி வேண்டும்" என்று எழுதாதீர்கள். அறை வரிசையிலிருந்து வந்த இரண்டு கோரிக்கைகளை மட்டும், செலவோடு, எந்தத் துறை என்ற பெயரோடு எழுதுங்கள். கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டியவர் இளம் ஆய்வாளர்களில் ஒருவர். அன்றைய அவருடைய டாக்ஸிக் கட்டணத்தையும் திட்டத்தில் ஒதுக்கி வையுங்கள்.